காத்தாடிக்குக் கீழே ஒரு வீடு: அதன் மதிப்பு என்ன?

காற்றாலை பக்கத்தில் வந்தால் வீட்டு விலை குறையுமா? மேலை நாடுகளில் இந்தக் கேள்வியை வைத்துப் பெரிய பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2009இல் 24 காற்றாலைப் பண்ணைகளைச் சுற்றி விற்பனையான ஏறக்குறைய 7,500 வீடுகளின் விலையைப் பார்த்தது. குறிப்பிடும்படியான சரிவு எதுவும் தெரியவில்லை என்றது. 2013இல் 50,000க்கும் மேற்பட்ட விற்பனைகளை எடுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னது. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஸ்டீபன் கிப்பன்ஸ் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்குகளை ஆராய்ந்து, 2 கிலோமீட்டருக்குள் காற்றாலை கண்ணில் படும்படி இருந்தால் சராசரியாக 5 முதல் 6 சதவீதம் விலை இறங்குகிறது என்றார். 2024இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, 10 கிலோமீட்டருக்குள் காற்றாலை தெரிகிற வீடுகளுக்குச் சராசரி இழப்பு 1 சதவீதம் அளவுக்குத்தான் என்கிறது.

முடிவுகளில் இவர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்கின்றன. வீட்டை விற்க ஒருவர் இருக்கிறார், வாங்க ஒருவர் வருகிறார், வருகிறவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து இந்த விசிறி எனக்குப் பிடிக்கவில்லை என்று விலையைக் குறைத்துக் கேட்கிறார். அதாவது, சந்தை என்று ஒன்று இருக்கிறது.

ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு காலனியில் இதே கேள்வியை ஒரு மூதாட்டியிடம் நாங்கள் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்ட எவன்யா வாங்குவான்? காத்தாடி வரதுக்கு முன்னாடி மட்டும் வாங்கிருவானாக்கும்?"

சமூகவியல் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் படித்ததைவிடக் கூடுதலாக இந்த ஒரு பதிலில் விஷயம் இருக்கிறது. சேரியில் உள்ள வீட்டுக்கு விலை இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. காற்றாலை அந்த வரலாற்றின் மேல்தான் வந்து நின்றது. அதைத் தெரிந்துகொள்ளாமல் தமிழ்நாட்டில் காற்றாலைக்கும் வீட்டு மதிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச முடியாது என்பது எங்கள் கருத்து. ஆகவே கொஞ்சம் பின்னால் போவோம்.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலம் என்றதும் நம் இளைஞர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற அறிக்கைதான் அது. ஆனால் அதில் விளைநிலம் பற்றிய பகுதியைப் பேசுகிற அளவுக்கு வீட்டு மனை பற்றிய பகுதியை நாம் பேசுவதில்லை. சேரிமக்கள் குடியிருந்த மனையும் எங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி போதாது என்று பேசினால், வேறொருவர் வயலுக்கு வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். நிலம் இல்லாதவரை அடிமையாக வைத்திருக்கச் சங்கிலி தேவைப்படவில்லை, குடிசை நிற்கிற இடத்தின் மேல் இருந்த பிடியே போதுமானதாக இருந்தது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகளும் அந்த ஆண்டுகளில் இதைத்தான் அரசிடம் முறையிட்டார்கள். ரூபா விஸ்வநாத் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010, 1010ஏ அதற்குப் பிறகு வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நட்டஈடு தராமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவை அதன் நிபந்தனைகள். இந்த நிபந்தனைகள் இல்லாமல் இருந்திருந்தால் இன்று நம்மிடம் பேசுவதற்குக்கூடப் பஞ்சமி நிலம் மிஞ்சியிருக்காது. அதே நேரத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குகிறவரின் சாதியைக் கட்டுப்படுத்திய நிலத்துக்கு வெளிச்சந்தையில் விலை குறைவு. வங்கியில் அடமானம் வைக்கப் போனால் மேலாளர் கோப்பைத் திருப்பித் தள்ளுகிறார். பாதுகாப்புக்கு நாம் கொடுக்கிற விலை இது. பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல இதைக் காரணமாக்கக் கூடாது. ஆனால் விலை ஒன்று கொடுக்கப்படுகிறது என்பதை மறந்துவிடவும் கூடாது.

வீட்டு மனைக்கு அதற்குப் பிறகும் எண்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1971இல்தான் தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனை சொந்தம் என்றது. 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் வந்தது. ஊருக்கு வெளியே நிலம் எடுத்து, இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனைகளாகப் பிரித்து, இலவசப் பட்டா கொடுத்து, அதற்குக் காலனி என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் எந்த நிலம் கிடைத்தது? ஊரில் யாரும் விலை கொடுத்து வாங்காத நிலம். மேட்டு நிலம், ஓடைக்கரை, சுடுகாட்டுப் பக்கம். தென்மாவட்டங்களில், காற்று மண்ணை அள்ளி வீசுகிற பொட்டல்.

இந்த இடத்தில் கதை காற்றைத் தொடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடைவெளிகள் உண்டு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல்கள் வழியாக நெருக்கிப் பிடித்துக்கொண்டு கிழக்கே பாயும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக இங்கே வரும். அதனால்தான் கயத்தாறு, ராதாபுரம், வள்ளியூர் பக்கமெல்லாம் மானாவாரி. கரிசலில் கம்பும் உளுந்தும் பருத்தியும், செம்மண்ணில் பனையும். பயிருக்குப் பகையான காற்று, மின்சாரத்துக்குப் பொன்னாகிவிட்டது.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் முதல் காற்றாலைகளை நிறுவியது. 1993க்குள் வாரியமே 120 இயந்திரங்களை நிறுத்தியது. மொத்தத் திறன் 19.355 மெகாவாட். அது ஒரு செயல்விளக்கம். இங்கே காற்று இருக்கிறது, வந்து முதல் போடுங்கள் என்று தனியாருக்குக் காட்டுவதற்காகச் செய்தது. தனியார் வந்தார்கள். ஆனால் காற்றுக்காக மட்டும் வரவில்லை. 1990களில் காற்றாலை இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. நூற்பாலை, சிமெண்ட், சினிமா என்று லாபம் பார்த்தவர்களுக்கு வரி கட்டுவதைவிடக் காற்றாலை வாங்குவது லாபமாக இருந்தது. 1996-97இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் புதிய காற்றாலைகளின் வேகம் சட்டென்று விழுந்தது. காற்று அந்த ஆண்டும் எப்போதும்போலத்தான் வீசியது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு 2000களில் மீண்டும் ஏற்றம். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஒரே நிலத்தில் இரண்டு விதமான மதிப்பு எப்படி உருவானது என்பதைப் பாருங்கள். கோபுரத்தின் மேல் இருக்கும் இயந்திரத்தின் மதிப்பு தேய்ந்தால் அதன் சொந்தக்காரருக்கு வரிச்சலுகை. அதன் நிழல் விழுகிற ஓட்டு வீட்டின் மதிப்பு தேய்ந்தால் அதைக் கணக்கில் எழுத ஒரு பத்தி கிடையாது.

இனி நிலம் கைமாறிய விதம். இதில்தான் நாம் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

காற்றாலைக்காக அரசு பொதுவாக நிலத்தைக் கையகப்படுத்தித் தரவில்லை. கம்பெனிகள் தரகர்கள் மூலம் நேரடியாகக் கிரயம் செய்தன. நேரடிக் கிரயம் என்பதால் பொது விசாரணை இல்லை, ஆட்சேபணை கேட்கும் அறிவிப்பு இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லாததால் அந்த வழியாகவும் ஊர்க்கூட்டம் நடக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு தரப்பு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அந்த இரண்டு தரப்பில் ஒன்று பட்டாதாரர். உழுதவர் அங்கே இல்லை.

மானாவாரி நிலத்தை வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்களில் தலித்துகள் ஏராளம். 1969இல் குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் வாய்மொழிக் குத்தகையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நிலச்சொந்தக்காரர்முன் போய் நிற்கிற துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? நிலம் விற்கப்பட்ட செய்தி, ஜே.சி.பி. வந்து வரப்பை உடைத்தபோதுதான் பல இடங்களில் தெரிந்தது. பட்டாதாரருக்கு விலை கிடைத்தது. அவர் கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ வீட்டு மனை வாங்கினார். உழுதவருக்கு, உளுந்தும் கம்பும் வருகிற ஒரு வழி அடைபட்டது.

இதைவிட நுட்பமான இன்னொரு இழப்பு இருக்கிறது. ஒரு காற்றாலை இன்னொன்றின் காற்றைத் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக இடைவெளி விதி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நீண்ட காலம் பின்பற்றப்பட்ட கணக்கு: காற்றுக்குக் குறுக்கே இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் 5 மடங்கு, காற்றின் திசையில் 7 மடங்கு. 1986இல் வந்த 55 கிலோவாட் இயந்திரத்தின் இறக்கை வட்டம் சுமார் 15 மீட்டர். இந்த விதிப்படி அதற்குத் தேவைப்பட்ட பரப்பு கிட்டத்தட்ட 2 ஏக்கர். 80 மீட்டர் இறக்கை வட்டத்துக்கு அது 400 மீட்டருக்கு 560 மீட்டர், அதாவது சுமார் 55 ஏக்கர். கம்பெனி 55 ஏக்கரையும் வாங்க வேண்டியதில்லை. கோபுரம் நிற்கிற இடம், மின்மாற்றி, பாதை, இவற்றுக்கு வேண்டிய சில ஏக்கர் போதும். மீதி நிலத்தின் மேல் வீசுகிற காற்றுக்கு அது ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் இனி வேறு எந்தக் காற்றாலையும் வர முடியாது.

தரகர் யாரிடம் முதலில் போவார்? மொத்தமாக ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கிற, ஒரே கையெழுத்தில் வேலை முடிகிற பட்டாதாரரிடம். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து கிடக்கிற, நிபந்தனை ஒட்டிய நம் நிலத்துக்கு அவர் வருவதில்லை. பக்கத்து நிலத்தில் கோபுரம் நின்றுவிட்ட பிறகு அவர் வர வேண்டிய காரணமே இல்லை. மேலைநாட்டு ஆய்வுகள் கண்ணுக்குத் தெரிகிற காட்சியையும் காதில் விழுகிற ஓசையையும் அளக்கின்றன. இந்த இழப்பை எந்த ஆய்வும் அளக்கவில்லை. ஏனென்றால் இது விலை குறைந்த கதையல்ல, ஒருநாளும் வராமலே போன விலையின் கதை.

பஞ்சமி நிலம் மட்டும் இந்தக் கைமாற்றத்தில் தப்பியிருக்குமா என்று கேட்பீர்கள். அரசாணையின் எல்லையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். சென்னை மாகாணத்தின் 1892 ஆணை அங்கே செல்லாது. மலைவாசலைத் தாண்டிக் கிழக்கே வந்தால் பழைய திருநெல்வேலி மாவட்டம், அங்கே செல்லும். ஒரே காற்று, ஒரே பண்ணை, பத்து நிமிடப் பயணம், ஆனால் நில உரிமைக்கு இரண்டு வேறு வரலாறு. முப்பந்தலில் நின்றுகொண்டு பஞ்சமி நிலத்தை மீட்போம் என்று முழங்குகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் எடுப்பார்.

கிழக்குப் பக்கத்தில் சிக்கல் வேறு. 1979இல் தொடங்கி 1987வரை தமிழ்நாடு முழுவதும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வார்களே, அதுதான். பழைய பதிவேட்டில் டி.சி. நிலம் என்று ஒதுக்கீட்டைக் காட்டிய குறிப்புகள் புதிய பதிவேட்டுக்கு வராமல் போனதும், அனுபவத்தில் இருந்த வேறு சாதியினர் பெயரில் பட்டா ஏறியதும் மாநிலம் முழுக்க எழுந்த புகார்கள். முள்ளக்காட்டில் முதல் இறக்கை சுற்றியது 1986. யு.டி.ஆர். முடிந்தது 1987. கம்பெனி வழக்கறிஞர் வில்லங்கம் பார்க்க உட்கார்ந்தபோது அவர் கையில் இருந்தது சுத்தமாகத் துடைக்கப்பட்ட புதிய பதிவேடு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. திட்டமிட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

செங்கல்பட்டில் காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். வட மாவட்டங்களில் பஞ்சமி நில மீட்பு இயக்கமாக உருவெடுத்தது அப்போதுதான். தெற்கே அதே ஆண்டுகளில் நம் மக்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவே போராட வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வளைகுடாவுக்குப் போய் உழைத்த பணத்தில் கட்டிய வீடுகளின் கதவுகள், தொலைக்காட்சிகள், மின்விசிறிகள், தானியம், சான்றிதழ்கள் எல்லாம் நொறுக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. கிணற்றில் விஷம் கலந்தார்கள். தலித் ஒருவர் தன் வீட்டின் மதிப்பைத் தானே உயர்த்திக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை அந்த வட்டாரம் முழுவதும் பார்த்தது. காற்றாலைத் தரகர்கள் கரிசல்காட்டில் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. அப்போது யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டிருக்கவில்லை.

சாதி மோதல்களைத் தடுக்க வழி தேடிய நீதியரசர் ரத்தினவேல் பாண்டியன் குழு, தென்மாவட்டங்களுக்குத் தொழில் வளர்ச்சி வேண்டும் என்றது. தொழில் வந்தது, காற்றாலையாக. ஆனால் காற்றாலையில் வேலை எத்தனை பேருக்கு? கட்டும்போது சில மாதம் மண் வேலை, கான்கிரீட் வேலை. நின்ற பிறகு, காவலாளி. பல கோடி முதலீடு நிற்கிற காட்டில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு காவலாளியும். அந்தக் காவலாளி வேலைக்கும் ஊரில் போட்டி உண்டு, சாதிச் சிபாரிசு உண்டு.

சரி, வீட்டுக்கு வருவோம். கான்கிரீட் சுவரும் ஓடும் மட்டுமே வீடு என்றால் காற்றாலை வந்ததால் பெரிய சேதம் இல்லைதான். காலனி வீட்டின் மதிப்பு சுவருக்கு வெளியே இருக்கிறது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற பாதை, விறகு பொறுக்குகிற உடைமரக்காடு, உழவு வேலை கிடைக்கிற நிலம், இடுகாட்டுக்குப் போகிற தடம். முள்வேலி வந்த பிறகு ஆடு இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறது என்றால் அந்த வீட்டின் மதிப்பு குறைந்திருக்கிறது, பத்திரத்தில் எண் மாறாவிட்டாலும். காற்று மாதங்களில் இரவு முழுவதும் கேட்கிற அந்த 'உஸ்... உஸ்...' ஓசையைப் பற்றிக் கேட்டால், பெரியவர்கள் பழகிவிட்டது என்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் அப்படிச் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். கோபுரத்தின் பாகங்களை ஏற்றி வருகிற நீண்ட லாரிகளுக்காகப் போட்ட பாதையில்தான் சில காலனிகளுக்கு முதன்முதலாக ஆம்புலன்ஸ் வந்தது. சொந்தப் பட்டா நிலத்தை நல்ல விலைக்கு விற்று, பிள்ளையைப் பொறியியல் படிக்க வைத்து, தார்சு வீடு கட்டிய தலித் குடும்பங்களை நாங்களே சந்தித்திருக்கிறோம். ஒருவர் கேட்டார்: "கரிசல்ல மாடு மாதிரி ஒழச்சி என்ன தம்பி மிஞ்சுச்சு? வித்ததுல நான் தப்பிச்சேன்." அவரிடம் நிலத்தை விற்றது தவறு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சொல்லவும் கூடாது. அவர் கையில் தெளிவான பட்டா இருந்தது, தரகர் அவரிடமும் பேரம் பேச வேண்டியிருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஊர்ப்பகுதியில் காற்றாலைப் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடகைக்கு வீடு தேடி வந்ததால் வீட்டு வாடகை ஏறியது. அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த காலனியில் யாரும் வாடகைக்கு வீடு கேட்கவில்லை. அதே காற்றாலை, அதே ஓசை, அதே தூரம். பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்பும் தெருவாரியாகவே நிர்ணயிக்கப்படுகிறது, தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடுகிறது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாறிய தெருவுக்கு வழிகாட்டி மதிப்பு மாறுகிறதா என்பதைப் பக்கத்துத் தெருவோடு ஒப்பிட்டு யாராவது ஒரு மாணவர் ஆய்வு செய்தால் நன்றாக இருக்கும்.

காற்றாலையே வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடு அல்ல. அனல்மின் நிலையத்தின் சாம்பலும் அணுஉலையின் அச்சமும் எந்த மக்களின் வாசலில் விழுகின்றன என்பது நமக்குத் தெரியும். கேள்வி, ஈடு பற்றியது. டென்மார்க் 2008இல் ஒரு சட்டம் போட்டது. பக்கத்தில் காற்றாலை வந்து வீட்டின் மதிப்பு 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கம்பெனி நட்டஈடு கொடுக்க வேண்டும். 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குத் திட்டத்தின் 20 சதவீதப் பங்குகளை விற்க முன்வர வேண்டும். பிறகு விதிகளை மாற்றி, காற்றாலையின் உயரத்தைப் போல் 6 மடங்கு தூரத்துக்குள் இருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் விரும்பினால் கம்பெனியிடமே விற்றுவிடலாம் என்றும், அருகில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 2016 அக்டோபரில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை வந்தது. குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை நிறுவக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் 2016க்கு முன்பே நின்றுவிட்டன.

டென்மார்க் சட்டத்தை அப்படியே இங்கே கேட்டால் போதாது என்பதையும் கவனியுங்கள். சந்தை மதிப்பில் சதவீதம் என்றால், மூன்று சென்ட் இலவசப் பட்டா மனைக்குச் சந்தை மதிப்பே இல்லை என்று சொல்லி, பூஜ்ஜியத்தில் 5 சதவீதம் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூரைக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகையாகக் கேட்பதுதான் நமக்குப் பொருந்தும். பட்டா இருக்கிறதா, வீட்டின் விலை என்ன என்ற கேள்விகள் அதில் எழாது.

ஏன் இதை இப்போது எழுதுகிறோம் என்றால், 1990களில் நிறுத்திய சிறிய காற்றாலைகளின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காற்றாலை மறுதிறனூட்டல், புதுப்பித்தல், ஆயுள் நீட்டிப்புக் கொள்கையை வெளியிட்டது. பழைய சிறிய இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்துவார்கள். 120 மீட்டர் இறக்கை வட்டம் என்றால் பழைய இடைவெளிக் கணக்கில் 120 ஏக்கருக்கு மேல் வருகிறது. அந்தப் பரப்புக்குள் யார் நிலம் வருகிறது, 500 மீட்டர் வட்டத்துக்குள் யார் வீடு வருகிறது என்பதெல்லாம் புதிதாகப் பேசியாக வேண்டிய விஷயங்கள். புதிய பாதைக்கும் மின்தொடருக்கும் மறுபடியும் கிரயங்கள் நடக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மூடிய கோப்பு திறக்கப்படுகிறது.

அந்த வட்டாரத்து மாணவர்கள் தாலுகா அலுவலகத்தில் தற்போதைய 'அ' பதிவேட்டோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் புல எண் குறிப்பிட்டுக் கேளுங்கள். இல்லை, கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் மாவட்ட ஆவணக் காப்பறைக்கு மேல்முறையீட்டோடு போங்கள். கோபுரங்களின் புல எண்ணை வில்லங்கச் சான்றிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலனியின் கடைசி வீட்டிலிருந்து கோபுரத்தின் அடிவரை நாடா பிடித்து அளந்து, தேதி போட்டு, கிராம சபைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். புதிய இயந்திரத்துக்கு அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு நீதிமன்றம்கூட அதை உடைக்கச் சொல்லத் தயங்கும்.